ஊட்டிக்குப் போகாதவர்

எடிட்டிங் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. "ஊட்டுல கேட்டாச்சா?" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது என் கையெழுத்துதான். புதிதாக வந்த நீங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். வீட்டில் அனுமதி வாங்கித்தான் இங்கே வீடியோ போட வேண்டுமா என்றுகூட உங்களில் ஒருவர் கேட்டார். அதற்கான பதிலை, என் நாற்காலியை உங்களுக்குக் கொடுத்துவிட்ட இந்த வாரத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேமரா, கட்டிங், தலைப்பு வைப்பது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் சொல்லப்போவது, நானே பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு தப்பைப் பற்றி.

இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு வந்தவள் நான். டிவி விவாதங்களில் அரசியல் விமர்சகர்கள் பேசுவதைக் கேட்டு, வீட்டில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். அதையே கேமரா முன்னால் செய்யலாமே என்று கிளப்பிவிட்டவர் கலீல் பாய். செவ்வாய்ப்பேட்டையில் அவர்கள் குடும்பத்துக்கு லாரித் தார்ப்பாய் கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரோடு வந்துவிட்டார். அம்மாப்பேட்டையில் நூல் கடைக்கு மேல் ஒரு அறை எடுத்தோம், நொட்டை சொல்வதுதான் வேலை என்பதால் எங்கள் வீடியோ சேனலுக்கு 'நொட்டைப்பெட்டி' என்று பெயர் வைத்தோம். சுற்றிலும் தறிச் சத்தம். கரண்டு போனால்தான் தறி நிற்கும். ஊரே கரண்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பேசிப் பதிவு செய்ய அது எப்போது போகும் என்று காத்திருப்போம்.

விமர்சகர்களின் வாதங்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். ஒரு கட்சி செய்த தப்பைக் கேட்டால் இன்னொரு கட்சி செய்யவில்லையா என்று திருப்புவதற்கு 'நீ மட்டும்'. தன் கருத்துக்குச் சாட்சியாக, வரும் வழியில் ஒருவரைச் சந்தித்ததாகச் சொல்வதற்கு 'ஆட்டோக்காரர் சொன்னார்'. ஒரு விமர்சகருக்கு ஒரே மாதத்தில் ஏழு ஆட்டோக்காரர்கள் வாய்த்தார்கள், ஏழு பேரும் அவர் கருத்தையே அவருக்குச் சொன்னார்கள். நாங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் அவர் படத்தைக் காட்டி விசாரித்தோம். "இவருங்களா? இவரு கார்லதானுங்க வாராரு, ஆட்டோவுல ஏறி நான் பாத்ததே இல்லீங்களே" என்றார் ஒரு டிரைவர். அந்த வீடியோதான் நம்மை ஊருக்குக் காட்டியது.

மூன்றாவது பெயர் 'பொம்மை அடி'. எதிராளி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒரு பொம்மை செய்து, அந்தப் பொம்மையை நாலு சாத்து சாத்திவிட்டு, எதிராளியையே அடித்ததாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது. இதைச் செய்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு ஏரி. அதை மண் போட்டு மூடி, லாரிகள் நிறுத்தும் வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு கிளம்பியது. அதை ஆதரித்து டிவியில் பேசிக்கொண்டிருந்தவர் குழந்தைவேலு. அந்த ஊர்க்காரர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வீடியோ காலில் வந்து கொங்குத் தமிழில் பேசுவார். கூட உட்கார்ந்திருக்கும் விமர்சகர்கள் அவர் பேச்சைக் கேட்டு உதட்டோரம் சிரிப்பார்கள், அவரும் அதைப் பொருட்படுத்த மாட்டார். "பத்து வருசமா சொட்டுத் தண்ணி இல்லீங்க. தண்ணியே இல்லாததுக்குப் பேரு ஏரிங்களா?" என்பது அவர் வாதம். "லோடு ஏறாத லாரி, லாரி இல்லையா?" என்று கேட்டு ஒரு வீடியோ போட்டோம். நாமக்கல் பக்கம் அது நன்றாக எடுபட்டது. டீக்கடையில் எல்லாம் பேசினார்கள். நியாயமான அடி. இன்றைக்கும் அந்த வீடியோவில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு விவாதம். ஏரியைப் பற்றிய முதல் கருத்துக்கேட்புக் கூட்டம் அப்போது முடிந்திருந்தது, அதற்குக் குழந்தைவேலு போகவில்லை. ஊருக்காகப் பேசுகிறேன் என்கிறவர் ஊர்க் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று நெறியாளர் மடக்கினார். லைன் கரகரத்தது. அவர் சொன்ன பதிலை, பேச்சை எழுத்தாக்கும் செயலி இப்படி எழுதிக் கொடுத்தது: "ஊட்டியில முடியலீங்க. நாலு நாளா ஊட்டியிலயேதான் இருந்தேனுங்க."

நான் துள்ளிக் குதித்தேன். ஊரே ஏரிக்கரையில் நிற்க, இந்த மனிதர் ஊட்டியில் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார், வேலை முடியவில்லை என்று அதை டிவியிலேயே சொல்கிறார்!

கலீல் பாய் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். "மல்லிகா, ஊட்டுலன்னு சொல்ற மாதிரி இருக்கு. எங்க கடைக்கு வர்ற லாரிக்காரங்க இப்படித்தான் பேசுவாங்க. இன்னொரு தடவை கேட்டுடலாமா?"

"எனக்கு ஊடு தெரியாதா பாய்? நான் என்ன வெளிநாட்டுலேர்ந்தா வந்தேன்? அதுதான் எழுத்துல தெளிவா இருக்கே. நேரமாச்சு, போடுங்க."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தமிழ் வாத்தியார் என்ற திமிர் அதில் இருந்தது. அதைவிட, அது ஊட்டியாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ வெளியானது. குழந்தைவேலுவின் படத்துக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டினோம், மலை ரயிலில் உட்கார வைத்தோம், கையில் ஊட்டி வர்க்கி பாக்கெட் கொடுத்தோம். "மக்கள் ஏரியிலே, மாமனிதர் ஊட்டியிலே" என்று நானே பாடினேன். அதுவரை நாம் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஞாயிறு காலைக்குள் நாமக்கல் முழுக்க வாட்ஸப்பில் அவர் பெயரே 'ஊட்டி' ஆகிவிட்டது.

சிரிப்புப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு பின்னூட்டம் இருந்தது. "எங்க ஊர்ல ஊட்டுலன்னா ஊட்டுக்காரம்மாவச் சொல்றதுங்க. அந்தக்காவுக்கு உடம்பு முடியாம இருக்குது. ஊரே பாத்துட்டு இருக்கறோம். நீங்க சிரிக்கறீங்க."

கலீல் பாயை வரச்சொன்னேன். அவர் வந்து கம்ப்யூட்டர் திரையை அணைத்தார். எழுத்து கண்ணில் படாமல், ஒலியை மட்டும் ஓடவிட்டார். "ஊட்டுல முடியலீங்க. நாலு நாளா ஊட்டுலயேதான் இருந்தேனுங்க." பளிச்சென்று கேட்டது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, நாலு நாளாக வீட்டிலேயே இருந்தேன் என்கிறார் மனிதர். குரல் லேசாக உடைகிறது. முந்தின நாள் அதை நான் கரகரப்பு என்று நினைத்தேன். என் அப்பா உயிரோடு இருந்தவரை அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'வீட்டுல' என்றுதான் சொன்னார், பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இது தெரியாததில்லை. கேட்க வேண்டியதைக் கண்ணால் படித்தேன், அவ்வளவுதான்.

"நம்ம நிகழ்ச்சியில வேற ஒருத்தர் இப்படிப் பண்ணியிருந்தா என்ன பேர் வைப்போம்?" என்றார் கலீல் பாய்.

என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

வீடியோவை உடனே எடுத்தோம். எடுத்தால் போதுமா? அதற்குள் அது ஆயிரம் கைக்குப் போய்விட்டது. மறுத்து இன்னொன்று போட்டாக வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பூங்கொடி போன் செய்தாள். ஏரிக்கு ஒட்டி ஒரு ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருப்பவள் அவள். ஏரி போனால் அவள் கிணறும் போகும். நம் லாரி வீடியோவை ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டி ஆள் சேர்த்தவள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது கூட்டம், அதில்தான் அதிகாரிகள் கருத்தை எழுதி மேலே அனுப்பப் போகிறார்கள்.

"அக்கா, தப்புதானுங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா செவ்வாக்கெழம கூட்டம் முடியட்டுமுங்க. அப்பறமா மாத்திச் சொல்லிக்குங்க. இப்பச் சொன்னீங்கன்னா, அவங்க எல்லாமே பொய்யின்னு அடிச்சு உட்ருவாங்க. என்ற கெணறுங்க அக்கா."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். பூங்கொடி அயோக்கியத்தனமாக எதையும் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் சொன்ன பயமும் நிஜம். குழந்தைவேலுவின் வாதம் ஓட்டை, நம் வாதம் சரி, ஏரி இருக்க வேண்டும். இத்தனையும் உண்மையாக இருக்கும்போது, ஒரே ஒரு பொய்யை இரண்டு நாள் உலவ விட்டால் என்ன குறைந்துவிடும்? நான் அந்தக் கேள்வியோடு அரை மணி நேரம் அறைக்குள் நடந்தேன். ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஏரியைக் காப்பாற்ற இந்தப் பொய் வேண்டும் என்றால், லாரி வாதத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். எனக்கு நம்பிக்கை இருந்தது.

"முடியாது பூங்கொடி. நாளைக்கே போடறேன். என்னை ரெண்டு வார்த்தை திட்டிக்கோ" என்றேன். அவள் திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

போடுவதற்கு முன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நானும் கலீல் பாயும் நாமக்கல் பஸ் ஏறினோம். பண்ணையைத் தாண்டி வீடு. குழந்தைவேலு வாசலில் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஊட்டிக்காரன் ஊட்டுக்கு எதுக்குங்க வந்தீங்க? குல்லா கொண்டாந்திருக்கீங்களா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஆரா இருந்தாலும் உள்ள வரச் சொல்லுங்க" என்றது. சரஸ்வதி அக்கா. தலையில் துண்டு கட்டியிருந்தார். மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை ஏற்றிய பிறகும் நாலு நாள் எழுந்திருக்க முடியாது. அந்த நாலு நாளைத்தான் அவர் கணவர் டிவியில் சொன்னார்.

"என்ற அண்ணன் காத்தால போன் பண்ணுனாருங்க" என்றார் அந்த அக்கா. "மாப்ள ஆரு கூட ஊட்டிக்குப் போனாருன்னு கேக்கறாரு. நான் வாந்தி எடுத்தா கைல ஏந்துனவருங்க இவரு. எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் நடந்ததைச் சொன்னேன். செயலி என்றால் என்ன, அதற்குக் கொங்குப் பேச்சு பிடிபடாது, ஊட்டுல என்பதை ஊட்டியில என்று எழுதிவிடும் என்று விளக்கிக்கொண்டே போனேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"மெசினு தப்பா எழுதிருச்சு, செரிங்க. சிரிச்சது மெசினுங்களா?"

"நான்தான் சிரிச்சேன். எனக்குச் சிரிக்க வேண்டியிருந்துச்சு, அதனால சரியா கேக்கல. மன்னிச்சிடுங்க" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

குழந்தைவேலு கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "மன்னிப்புக் கேட்டா மட்டும் பத்தாதுங்க. அந்த லாரி வீடியோ இருக்குதுல்ல, அதையும் தூக்கோணும். ரெண்டும் பொய்யின்னு சொல்லோணும். அப்பத்தான் நான் செவ்வாக்கெழம தல நிமுந்து போக முடியும்."

கலீல் பாய் என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் குழந்தைவேலு எது கேட்டாலும் கொடுத்துவிடும் நிலையில் நான் இருந்தேன். குற்ற உணர்ச்சி அப்படித்தான் செய்யும், கையில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்கச் சொல்லும்.

"இல்லைங்க. ஊட்டி தப்பு. அதை எந்த இடத்துல வேணும்னாலும் சொல்றேன், கூட்டத்துலயே வந்து சொல்றேன். லாரி தப்பில்லை. உங்க வாதத்துல ஓட்டை இருக்கு. அதை நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. சரஸ்வதி அக்கா மட்டும், "காப்பி குடிச்சுட்டுப் போங்க சாமி" என்றார்.

திங்கட்கிழமை போட்டோம். பாட்டு இல்லை, படம் இல்லை. ஒலியை மூன்று தடவை ஓடவிட்டேன். அவர் சொன்னது இது, நான் கேட்டது இது, கூட வேலை செய்பவர் எச்சரித்தும் கேட்காமல் போட்டது நான், என்று சொன்னேன். மாட்டிக்கொண்டதும் மன்னிப்பா என்று கேட்டார்கள், விலை போய்விட்டாள் என்றார்கள். ஊட்டி வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. அது அப்படித்தான் இருக்கும், தயாராக இருங்கள்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நானே போனேன். குழந்தைவேலு பேச எழுந்ததும் பின்வரிசையில் நாலு பேர் "ஊட்டி! ஊட்டி! உக்காரு!" என்று கத்தினார்கள். அவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள், ஏரியைக் காக்க வந்தவர்கள். நான் எழுந்து நின்றேன். "அந்தப் பேர் நான் வெச்ச பொய். அவர் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லாம கூட இருந்தாரு. அவரைப் பேச விடுங்க." மண்டபம் அடங்கியது. பூங்கொடி என் பக்கம் திரும்பவே இல்லை.

குழந்தைவேலு மைக்கைப் பிடித்தார். "லோடு ஏறாத லாரியும் லாரிதான்னு அந்தம்மா சொன்னாங்க. செரி, ஒத்துக்கறனுங்க. ஆனா எஞ்சினே இல்லாத லாரிய என்ன பண்றது? ஏரிக்கு வர்ற தண்ணி வாய்க்கால் பூரா அடைஞ்சு கெடக்குது. இனி மழ பேஞ்சாலும் தண்ணி வராதுங்க."

நல்ல வாதம். டிவியில் அவர் இதுவரை பேசியதில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. நான் பதில் யோசிப்பதற்குள் பூங்கொடி எழுந்துவிட்டாள்.

"எஞ்சின் போச்சுன்னா எஞ்சினைத்தானுங்க மாத்தோணும்? வாய்க்காலைத் தோண்டுங்க. வண்டியவே குழி தோண்டிப் பொதைப்பீங்களா?"

மண்டபமே சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்துவிட்டார். அதிகாரி அந்த இரண்டையும் எழுதிக்கொண்டார். ஃபைல் இன்னும் எங்கோ மேலே இருக்கிறது. ஏரியும் அங்கேயே இருக்கிறது, ஒரு கூடை மண்கூட விழவில்லை. பூங்கொடி என்னோடு பேச மூன்று மாதம் ஆயிற்று.

சரஸ்வதி அக்கா மட்டும் அந்த வாரமே போன் செய்தார். "எங்க பக்கத்துப் பேச்சு உங்களுக்குச் செரியாப் புரியலீன்னா என்றகிட்டப் போட்டுக் காட்டுங்க. நான் படுத்துட்டுத்தானுங்க இருக்கறேன், கேட்டுச் சொல்றேன்" என்றார். முதலில் கொங்குப் பேச்சை மட்டும் அனுப்பினோம். பிறகு எல்லாவற்றையும் அனுப்பத் தொடங்கினோம். உடம்பு தேறி எழுந்து நடமாடிய பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. எத்தனையோ இடத்தில் 'இவரு இப்பிடிச் சொல்லலியே சாமி' என்று தடுத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கலீல் பாய் என்னிடம், "ஊட்டுல கேட்டாச்சா?" என்று கேட்பார். கதவில் இருப்பது அதுதான். அதைக் கிழிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை, என் கடைசி வீடியோ. நீங்கள்தான் தயார் செய்தீர்கள். குழந்தைவேலு மறுபடி ஒரு விவாதத்தில், டீக்கடையில் சந்தித்த ஒருவர் தன் கருத்தையே சொன்னதாகச் சொல்லியிருந்தார். நம் பழைய 'ஆட்டோக்காரர் சொன்னார்' கேஸ். அவர் வீட்டுக்கே எப்படி அனுப்புவது என்று நீங்கள் தயங்கினீர்கள். இந்த ஒரு தடவை வேண்டாமே மேடம் என்றீர்கள். கண்டிப்பாக அனுப்புங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அரை மணி நேரத்தில் வந்த பதில் என் போனில் இருக்கிறது. இப்போது நீங்களும் கேளுங்கள்.

"கேட்டனுங்க சாமி. ரெண்டு தடவ கேட்டேன். அவரு சொன்னது அதேதான், நீங்க எழுதுனதும் அதேதான். ஓட்டையும் அங்கயேதான் இருக்குது. போடுங்க."

அதோடு முடியவில்லை. பின்னால் குழந்தைவேலு குரல் கேட்கிறது பாருங்கள்: "ஆருகிட்டப் பேசற?"

"நொட்டைப்பெட்டிங்க. உங்களத்தான் போடறாங்களாம். செரின்னுட்டேன்."